ஹீட்டரில் காய்ச்சிய பால்

எங்க மாமனார் கண்ணை மூடுற வரைக்கும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாரு. "எம் பேத்தி மலையேறினப்போ மாப்ள வூட்டுக் குழாயில பாலு பொங்கிச்சு, தானியம் கொட்டிச்சு"ன்னு. கல்யாணத்துல சொன்னாரு, காதுகுத்துல சொன்னாரு, துக்கம் கேக்கப் போன எடத்துலகூடச் சொன்னாரு. கேட்டவங்கள்ல பாதிப் பேரு, பாவம் பெரியவருக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சாங்க. வயசும் ஆகல ஒண்ணும் ஆகல. அவரு சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய்யில்ல. எப்படிப் பொங்கிச்சு, எப்படிக் கொட்டிச்சுன்னு மட்டும் அவருக்குத் தெரியாது. அது எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் கம்பவுண்டருக்கும்தான் தெரியும்.

அப்போ நான் ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்துல, புள்ளைங்க தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடத்துல வாத்தியார். எண்பதுகளோட ஆரம்பம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி வரிசையா குவார்ட்டர்ஸ். எனக்குக் குடுத்த வூட்டுல முன்னாடி இருந்த அதிகாரி குளிர் தாங்காத மனுசன். பாத்ரூம் செவுத்துல ஒரு கரண்டு ஹீட்டரை மாட்டிக்கிட்டு சுகமா இருந்திருக்காரு. மாத்தலாகிப் போறப்போ அதைக் கழட்டச் சோம்பல்பட்டு அப்படியே வுட்டுட்டுப் போய்ட்டாரு. மலைக்குக் கரண்டே அப்பத்தான் தட்டுத் தடுமாறி ஏறிட்டிருந்த காலம். அந்தச் சுத்துவட்டாரத்துல ஹீட்டர் இருந்த ஒரே வூடு என் வூடுதான்.

அந்த ஹீட்டரைப் பார்த்துத்தான் எனக்குப் பொண்ணு குடுத்தாங்க. விளையாட்டுக்குச் சொல்லல. மாமனார் போளூர் ஸ்டேஷன்ல பார்சல் ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. மாப்பிள்ளை வூடு பார்க்க மலைக்கு வந்தவரு, என் படிப்பைக் கேக்கல, சம்பளத்தைக் கேக்கல. பஸ்ஸுல வந்த களைப்புல மூஞ்சி கழுவப் போனாரு. குழாயைத் தொறந்தாரு. வெந்நீர் வந்துச்சு. அப்படியே கையை நீட்டிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. வெளிய வந்து மாமியார் காதுல ஏதோ சொன்னாரு, தட்டு மாத்திட்டாங்க. போளூருக்குப் போனதும் "எம் மாப்ள வூட்டுல செவுத்துலேர்ந்து வெந்நீர் வருது"ன்னு ஊரெல்லாம் தம்பட்டம். நான் ஒருத்தன் அந்த வூட்டுல இருக்கேன்ங்கறதை யாருகிட்டயாவது சொன்னாரான்னு தெரியல.

கல்யாணம் ஆச்சு. எம் பொண்டாட்டி தலைப்பிரசவத்துக்குப் போளூர் போனா. பொண்ணு பொறந்துச்சு. மார்கழி பொறக்கிறதுக்குள்ள புள்ளையைத் தூக்கிட்டு வந்துடறதா பேச்சு. அந்த நேரம் பார்த்து, ஒருநாள் நான் தலைக்குச் சோப்புப் போட்டுட்டு நிக்கிறேன், மடமடன்னு ஒரு சத்தம். ஹீட்டரோட அடிப்பாகம் துருப்புடிச்சுக் கழண்டு, அத்தனை தண்ணியும் என் காலடியில. மேல ஒரு ஓட்டை ட்ரம் தொங்குது, கீழ நான் சோப்பு நுரையோட நிக்கிறேன்.

வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். ஆனா எங்க மலையில சேதி எல்லாம் பஸ்ஸுலதான் போவும், டிக்கெட்டு இல்லாம. யாரோ கண்டக்டர்கிட்ட சொல்ல, கண்டக்டர் போளூர்ல எறக்கி வுட்டுட்டாரு. அடுத்த பஸ்ஸுல பதில் ஏறி வந்துச்சு. "வெந்நீருக்கு ஒரு வழி பண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க மாப்ள. அந்தக் குளிர்ல பச்சைப் புள்ளையை நான் அனுப்ப மாட்டேன்."

எனக்கு வயித்தெரிச்சல். அதுக்கு முன்னாடி வாரம்தான் போளூர் போயி எம் புள்ளையைப் பார்த்துட்டு வந்திருந்தேன். கையில வாங்கினேன். அது என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, யாருடா இவன்ங்கற மாதிரி வீல்னு ஒரு கத்து. மாமனார் வாங்கினதும் கப்சிப். சொந்தப் புள்ளை நம்மளைப் பார்த்துக் கத்தினா எப்படி இருக்கும்? திரும்பி வர்றப்போ பஸ்ஸுல ஜன்னல் பக்கமா மூஞ்சைத் திருப்பிட்டு அழுதேன். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே அங்க வளந்தா, அது என்னை மாமான்னுதான் கூப்பிடும்.

அடுப்புல வெந்நீர் வெச்சா ஆவாதான்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் கேட்டாங்க. அடுப்பு வெந்நீர் யாரு வூட்டுலதான் இல்ல? மாமனார் ஊருக்கெல்லாம் பெருமை அடிச்சது செவுத்து வெந்நீரை. எனக்கும் ரோசம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. செவுத்துல மாட்டிக் காட்டறேன் பாருன்னு கெளம்பிட்டேன்.

வேலூர்ல ஒரு பழைய லாட்ஜை இடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டுப் போயி, அங்க கழட்டிப் போட்டிருந்த ஒரு ஹீட்டரை வாங்கினேன். வெள்ளைப் பெயிண்டு அடிச்ச உருண்டை ட்ரம். போளூர் வந்து மலை பஸ்ஸுல ஏறினா, கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்துட்டு "இன்னா சார், வெடிக்குமா?"ன்னாரு. எடம் இல்லாம மடியில வெச்சுக்கிட்டேன். பக்கத்துல, குவார்ட்டர்ஸுக்கெல்லாம் பால் ஊத்தற மலைக்கார அம்மா உக்காந்திருந்தாங்க. வழி முழுக்க அதையே பார்த்துட்டு வந்தவங்க கடைசியில கேட்டாங்க. "ஏன் சாரு, இம்மாம் பெரிய பால் கேன் எதுக்கு? நீயும் மாடு வாங்கப் போறியா?" இது பாலுக்கு இல்லம்மா, தண்ணிக்குன்னு எடுத்துச் சொன்னேன். அந்தம்மா நம்பல. பின்னால பார்த்தா அவங்க சொன்னதுதான் நடந்துச்சு.

மாட்டறதுக்கு ஆள் தேடறப்போதான் கம்பவுண்டர் வந்து சேர்ந்தாரு. ஆஸ்பத்திரி கம்பவுண்டர், எனக்கு ரெண்டு வூடு தள்ளி இருந்தாரு. கீழ படவேடு பக்கத்துக் கிறிஸ்தவரு. அவங்க ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு வருசா வருசம் சீரியல் பல்பு கட்டறது அவருதானாம். "ஆள் எதுக்கு வாத்தியாரே? கரண்டு நம்ம கையில பழகின கழுதை"ன்னாரு. நானும் அறிவியல் பாடம் எடுக்கிறவன். ரெண்டு பேரும் படிச்சவங்க. இதைவிடக் கெட்ட சகுனம் வேணுமா?

மொதல் தகராறு செவுருகிட்ட. மண்ணு வெச்சுக் கட்டின செவுரு. ஆணி அடிச்சா ஆணியோட செவுரும் கைக்கு வருது. கடைசியில செவுத்தையே தொளைச்சு, கம்பியை அந்தப் பக்கம் சமையல் ரூமுக்குள்ள வுட்டு, அங்க ஒரு கடப்பாரையைக் குறுக்கப் போட்டு இழுத்துக் கட்டிட்டோம். இந்தப் பக்கம் பாத்ரூம்ல ஹீட்டர் ஜம்முன்னு தொங்குது. அந்தப் பக்கம் சமையல் ரூம் நடுச் செவுத்துல ஒரு கடப்பாரை படுத்திருக்கு. அதுல கரண்டி மாட்டிக்கலாம்னு கம்பவுண்டர் சொன்னாரு. மாட்டினேன், நல்லாத்தான் இருந்துச்சு.

பாத்ரூம் மேல தளத்துல ஒரு இரும்பு பேரல் இருந்துச்சு. அதுல கொடத்தால தண்ணி ஊத்தி ரொப்பினா, குழாய் வழியா ஹீட்டருக்கு எறங்கும். அதெல்லாம் பழைய ஏற்பாடு. புது ஹீட்டருக்குள்ள மட்டும் ஒரு சின்ன டப்பா இருந்துச்சு. சூடு ஏறினா அதுவா கரண்டை நிறுத்தறதுக்குன்னு வெச்சது. கம்பவுண்டர் அதைப் பார்த்துட்டு "நடுவுல இது எதுக்குத் தடங்கலு?"ன்னு கேட்டு, அதைக் கழட்டிக் கடாசிட்டு ரெண்டு வயரையும் நேரா முறுக்கி வுட்டுட்டாரு.

சுவிட்சைப் போட்டோம். குவார்ட்டர்ஸுல இருந்த அத்தனை பல்பும் அழுது வடிஞ்சுது. எதிர்ல இருந்த மாவு மில்லு முக்க ஆரம்பிச்சுது. மில்லுக்காரரு மாவுத் தலையோட ஓடி வந்தாரு. "சார், குளிக்கிறீங்களா?" அன்னியிலேர்ந்து அவருக்கு நான் குளிக்கிற நேரம் எல்லாம் அத்துப்படி. மில்லு ஓடினா என் தண்ணி வெதுவெதுப்புக்கு மேல ஏறாது. மில்லு நின்னா அவ்ளோ கரண்டும் என் ஹீட்டருக்குப் பாஞ்சு தளதளன்னு கொதிக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

போளூருக்குச் சேதி அனுப்பினேன். பொண்டாட்டி வருவான்னு பார்த்தா, மாமனார் மட்டும் குடையோட வந்து எறங்கினாரு, சோதனை பண்ண. பாத்ரூமுக்குள்ள போயி ஹீட்டரை ஒரு சுத்து பார்த்தாரு. பூசை போட்டாச்சான்னு கேட்டாரு. விபூதிப் பட்டை இருந்துச்சு, குங்குமம் இருந்துச்சு. திருப்திதான். அப்புறம் மெதுவா ஒரு கேள்வி கேட்டாரு.

"பால் காய்ச்சிட்டீங்களா மாப்ள?"

"இது தண்ணி காய்ச்சறதுங்க மாமா."

"புது வூடுன்னா பால் காய்ச்சறோம். புது அடுப்பு வாங்கினாலும் மொதல்ல பாலுதான். இது மட்டும் இன்னா? நெருப்பு இருக்கு, காயுது. அப்ப அடுப்புதானே? பால் பொங்காத அடுப்புல காய்ச்சின தண்ணியை எம் பேத்தி மேல ஊத்துவீங்களா?"

கம்பவுண்டர் குறுக்க வந்தாரு. "எங்க சாமியாரைக் கூப்பிட்டா தீர்த்தம் தெளிச்சு, ஜெபம் பண்ணிட்டுப் போயிடுவாருங்க ஐயா. சுலபம்."

"தெளிச்சா ஆவாது தம்பி. பொங்கணும்."

சரி, மனுசன் மனசு கோணாம இருக்கட்டும்னு ஒரு சொம்புல பாலை ஊத்தி ஹீட்டர் தலை மேல வெச்சோம். மேல்பக்கம் சூடே ஏறல. சொம்பும் ஹீட்டரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்காம இருந்தாங்க. மாமனார் தலையை ஆட்டினாரு. "மேல இல்ல மாப்ள. உள்ள."

நான் கம்பவுண்டரைப் பார்த்தேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுவாருன்னு எதிர்பார்த்தேன். அவரு கன்னத்துல கை வெச்சு யோசனை பண்ணிட்டு, "ஆஸ்பத்திரியில மனுசன் வயித்துக்குள்ளயே ட்யூபை வுட்டுப் பால் ஊத்தறோம். இந்த இரும்பு ட்ரம்முக்கு இன்னா வந்துடப் போவுது?"ன்னாரு. எனக்கும் எம் புள்ளை மொகம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஊத்துய்யான்னுட்டேன்.

மறுநாள் காலையில பால்கார அம்மாகிட்ட அன்னிக்கு இருந்த பால் மொத்தத்தையும் வாங்கிட்டேன். "பால் கேனு இல்லன்னியே சாரு"ன்னு ஒரு பார்வை பார்த்தாங்க. குவார்ட்டர்ஸுல ஒருத்தருக்கும் காபி இல்ல. ஹெட்மாஸ்டர் வரக்காப்பி குடிச்சிட்டு என்னை மொறச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போனாரு. நான் ஹீட்டரைக் கழுவிக் கவுத்து, பேரலைத் தொடச்சு, அதுல பாலை ஊத்தி எறக்கினேன். சுவிட்சைப் போட்டோம்.

காலையில போட்ட சுவிட்சு, வெயில் உச்சிக்கு வந்தும் பால் பொங்கல. எதிர்ல மில்லு ஓடிட்டிருக்கே, எங்க பொங்கறது? மாமனார் ஒரு மணைப்பலகை மேல நின்னுட்டிருந்தாரு, கரண்டு காலுக்கு வந்துடாம இருக்க. கையில குடை விரிச்சிருந்துச்சு. அது எதுக்குன்னு கேட்டதுக்கு, எதுக்கும் இருக்கட்டும்னாரு. பொங்கறதைக் கண்ணால பார்க்கணும்னு குழாயையும் லேசா தொறந்தே வெக்கச் சொல்லியிருந்தாரு. தொறந்த குழாய்லேர்ந்து சொட்டுச் சொட்டா பால் வடியுது. கம்பவுண்டர் வாசப்படியில தூங்கியே போய்ட்டாரு.

மில்லுக்காரரு சாப்பாட்டுக்கு மில்லை நிறுத்தினாரு.

பாத்ரூம் பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது. ஹீட்டர் வயிறு கடகடன்னு உருண்டுது. குழாய் ரெண்டு தடவை இருமிச்சு. மூணாவது இருமல்ல ஆவியும் நுரையுமா பால் பீச்சியடிச்சுது பாருங்க, நேரா குடை மேல. நான் வெளிய பாஞ்சுட்டேன். கம்பவுண்டர் எழுந்து எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம சமையல் ரூமுக்குள்ள ஓடி, கடப்பாரையில முட்டிக்கிட்டாரு. உள்ள பாத்ரூம் தரையெல்லாம் வெள்ளை நுரை. நடுவுல மணைப்பலகை மேல, குடைக்குப் பின்னால, எங்க மாமனார் ஒரு சொட்டு மேல படாம நிக்கிறாரு. கண்ணுல தண்ணி.

"பொங்கிடுச்சு மாப்ள"ன்னாரு, மெதுவா. "அதுவும் கெழக்கால."

நாளைக்கு பஸ்ஸுல பொண்ணையும் பேத்தியையும் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டு அன்னிக்கே எறங்கிப் போய்ட்டாரு. போறப்போ ஒண்ணு சொன்னாரு. "குழாயில வெந்நீர் வந்தா வுட்டுட்டு வருவேன். வரலன்னா அதே பஸ்ஸுல திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன். தப்பா நெனைக்காதீங்க மாப்ள."

அவரு போனதும் ஹீட்டரைக் கழுவலாம்னு தண்ணி வுட்டு சுவிட்சைப் போட்டோம். கருகின வாசனை ஒண்ணு கெளம்பிச்சு. டப்புன்னு ஒரு சத்தம். அவ்ளோதான், உசுரு போயிடுச்சு. தொறந்து பார்த்தா, உள்ள இருந்த சூட்டுக் கம்பியே கண்ணுக்குத் தெரியல. அதைச் சுத்திப் பழுப்பா கட்டி கட்டியா திரட்டுப்பால். கம்பவுண்டர் ஒரு துண்டைப் பேத்து வாயில போட்டுட்டு, "சக்கரை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்"னாரு. அந்தாளை அன்னிக்கு நான் கொலை பண்ணியிருக்கணும். வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் சீரியல் பல்பு, உன் ட்யூபு, உன் பழகின கழுதைன்னு. அவரு பாட்டுக்கு இன்னொரு துண்டு பேத்துக்கிட்டாரு. நான் அப்படியே பாத்ரூம் தரையில உக்காந்துட்டேன். நாளைக்கு எம் புள்ளை வந்து, வந்த பஸ்ஸுலயே போயிடும்.

"அவருக்கு வேண்டியது குழாயில வெந்நீர்தானே?"ன்னாரு கம்பவுண்டர். "பஸ்ஸு நிக்கிற நேரம் வரைக்கும் வந்தா போதும்தானே?"

காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து ரப்பர் ட்யூபு கொண்டு வந்தாரு. எதுக்குப் பயன்படற ட்யூபுன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. மேல பேரல்லேர்ந்து ட்யூபை எறக்கி, ஹீட்டருக்குப் பின்னாடியா மறைச்சு, நேரா குழாயில சொருகிட்டோம். ஹாஸ்டல் சமையக்கார அம்மாகிட்ட கெஞ்சி, புள்ளைங்களுக்குச் சோறாக்க வெச்சிருந்த உலைத்தண்ணியில பாதியைக் கேட்டு வாங்கினோம். பஸ்ஸு வர்ற சத்தம் கேட்டதும் கம்பவுண்டர் பக்கெட்டோட ஓட ஆரம்பிச்சாரு. ஹாஸ்டல் சமையல்கட்டு, ஏணி, பேரல். திரும்ப ஹாஸ்டல் சமையல்கட்டு.

எம் பொண்டாட்டி புள்ளையோட உள்ள வந்தா. என்னால புள்ளையைப் பார்க்கக்கூட முடியல, மாமனார் நேரா பாத்ரூமுக்கு நடக்கிறாரு. குழாயைத் தொறந்தாரு. சுடச்சுட வெந்நீர் வந்துச்சு. என் வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. மூடுவாருன்னு பார்த்தா மூடல. கையை நீட்டிட்டு நிக்கிறாரு, மாப்பிள்ளை வூடு பார்க்க வந்தப்ப நின்ன மாதிரியே. தண்ணி போயிட்டே இருக்கு. மேல பேரல்ல எவ்ளோ இருக்கோ தெரியல. பின்பக்கம் கம்பவுண்டர் மூச்சிரைக்க ஏணி ஏறுறது எனக்குக் கேக்குது.

"மாப்ள"ன்னு கூப்பிட்டாரு. "இது இன்னா?"

உள்ளங்கையை நீட்டினாரு. வெந்நீருக்கு நடுவுல சாமை அரிசி, பாதி வெந்து. கம்பவுண்டர் அவசரத்துல தப்பான அண்டாவுல மொண்டுட்டாரு.

"சாமைங்க மாமா"ன்னேன். வேற இன்னா சொல்றது?

அவரு அதையே பார்த்தாரு. அப்புறம் ஹீட்டரைப் பார்த்தாரு. "நேத்து பாலு. இன்னிக்கு தானியம்"னு சொல்லிட்டு, அந்தக் கையைக் கொண்டு போயி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாரு.

அந்த நேரம் எம் பொண்டாட்டி, புள்ளைத் துணியைக் காயப்போடப் பின்பக்கம் போயிருந்தா. பாத்ரூம் ஜன்னல் வழியா நான் பார்க்கிறேன். ஏணி உச்சியில கம்பவுண்டர், கையில ஆவி பறக்கிற பக்கெட்டு. "வாம்மா தங்கச்சி, நல்லா இருக்கியா?"ன்னு மேலேர்ந்து விசாரிக்கிறாரு. அவ ஏணியைப் பார்த்தா, பக்கெட்டைப் பார்த்தா, தொங்கற ட்யூபைப் பார்த்தா, ஜன்னல்ல என்னைப் பார்த்தா. நான் கண்ணாலயே கெஞ்சினேன். அவ ஒரு வார்த்தை சொன்னா போதும், அத்தனையும் போச்சு. விடுவிடுன்னு உள்ள வந்தா.

"அப்பா, பஸ்ஸு ஹாரன் அடிக்குது. சீக்கிரம் போங்க"ன்னா.

ஹாரனும் அடிக்கல ஒண்ணும் அடிக்கல. மாமனார் பேத்தி நெத்தியில முத்தம் குடுத்துட்டு, குடையை எடுத்துட்டுச் சந்தோசமா கெளம்பினாரு.

அவரு பஸ்ஸேறிப் போனப்புறம் எம் பொண்டாட்டி கம்பவுண்டர் கையிலேர்ந்து பக்கெட்டை வாங்கினா. அவரு நழுவிட்டாரு. மணைப்பலகையில உக்காந்து, காலை நீட்டி, புள்ளையைப் படுக்க வெச்சு, தண்ணி சூட்டை முழங்கையால பார்த்துட்டு ஊத்தினா. புள்ளை கையைக் காலை ஆட்டிட்டுக் குளிச்சுது. நான் துண்டை வெச்சுட்டு நின்னேன்.

"இது அடுப்புல காஞ்ச தண்ணிதானே?"

"ஆமா."

"நம்ம வூட்டுலயும் அடுப்பு இருந்துச்சுதானே?"

"உங்கப்பாதான் செவுத்துல..."

"எங்கப்பா ஹீட்டரைப் பார்த்துப் பொண்ணு குடுத்தாரு. நான் ஹீட்டருக்கா வாக்கப்பட்டேன்?" தலையை நிமித்தாமயே சொன்னா. "வந்து, வான்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ஹீட்டர் ஒடைஞ்ச அன்னிக்கே பொட்டியைத் தூக்கிட்டு வந்திருப்பேன். தெனமும் பஸ்ஸு வர்ற நேரத்துக்கு வாசல்ல வந்து நின்னேன். நீங்க வரல, ஹீட்டர் சேதிதான் வந்துச்சு."

நான் துண்டை நீட்டினேன். அவ புள்ளையைத் தூக்கித் துண்டோட என் கையில வெச்சா.

புள்ளை என்னைப் பார்த்துச்சு. வாயைத் தொறந்துச்சு. சரி, கத்தப் போவுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். கத்தல. பெருசா ஒரு கொட்டாவி வுட்டுட்டு என் சட்டையைப் புடிச்சுக்கிச்சு. அது தலைமயிர்ல ஒரு சாமை ஒட்டியிருந்துச்சு, அதை நான்தான் எடுத்துப் போட்டேன்.